புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்: ஜொகூர் நகர்ப்புற வகுப்பொன்றிற்கான வரலாற்றுப் பாடம்

முன்னுரை

ஜொகூர் பாருவின் பழைய வணிகப் பகுதியில் ஜாலான் டோபி என்றொரு தெரு உண்டு. சலவைத் தொழிலாளரின் பெயரைத் தாங்கி நிற்கும் அத்தெருவில் 1937ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சலாஹுதீன் ரொட்டிக்கடை அமைந்துள்ளது. அதற்கு அருகிலுள்ள ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹியாப் ஜூ ரொட்டிக்கடை விறகடுப்பில் சுடும் வாழைப்பழக் கேக்கிற்குப் பெயர்பெற்றது. இன்று நகரத்தார் இத்தெருக்களுக்கு வருவது பசிக்காக மட்டுமன்று. அடுப்பின் வயது, கடையைத் தொடங்கியவர் வந்த ஊர், மாவு புளிக்கும் முறை ஆகியவற்றையும் அவர்கள் கேட்டறிய விரும்புகின்றனர். லக்சா ஜொகூரில் அரிசி இழைகளுக்கு மாறாக இத்தாலியரின் ஸ்பெகெட்டி இடம்பெறுவதைச் சுல்தான் அபு பாக்காரின் ஐரோப்பியப் பயணத்தோடு இணைத்துச் சொல்லும் வாய்மொழிச் செய்தியும் இத்தகைய ஆர்வத்தினால்தான் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

பள்ளிப் படிப்பை முடித்துப் பல்லாண்டு கடந்தவர்களிடம் தோன்றும் இவ்வார்வத்தைக் கல்வியாளர்கள் புறந்தள்ளுதல் தகாது. ஜொகூர் பாருவில் தமிழறிந்த நகரத்தார்க்காக வார இறுதிகளில் நாம் நடத்திய சில வகுப்புகளில், உணவின் வரலாற்றையும் உணவின் அறிவியலையும் ஒருசேரக் கற்பிக்க முயன்றோம். அவ்வகுப்புகளில் மிகுந்த விவாதத்தை எழுப்பிய பாடம் புழுங்கலரிசி பற்றியது. மலாயாவிற்கு வந்த தமிழ்த் தொழிலாளர் உண்ட சோறு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக மருத்துவ வரலாற்றின் ஒரு திருப்பத்திற்குக் காரணமாயிற்று. அவ்வரலாற்றைத் தொகுத்துரைப்பதும், அதனை வயதுவந்தோர்க்குக் கற்பிக்கும்போது எழும் சில அறச்சிக்கல்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சமையலறையும் அறிவியல் மேடையும்

உணவை முன்வைத்து அறிவியல் கற்பிக்கும் முறை புதியதன்று. 1799ஆம் ஆண்டு இலண்டனில் இராயல் நிறுவனம் தோன்றுவதற்கு முன்னின்ற ரம்ஃபோர்டு பிரபு, அடுப்பின் வெப்பத்தையும் ஏழையர்க்கான கஞ்சியையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர். அதே நிறுவனத்தின் மேடையில் 1969ஆம் ஆண்டு நிக்கலஸ் கர்டி எனும் இயற்பியலறிஞர் சமையலறையில் நிகழும் இயற்பியலைப் பொதுமக்களுக்குச் செய்துகாட்டினார். பின்னர் அவரும் பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸும் இணைந்து இத்துறையைத் தனித்ததோர் ஆய்வுப் புலமாக வளர்த்தனர். தமிழில் பெ. நா. அப்புசாமி (1891–1986) போன்றோர் அறிவியலைப் பொதுமக்களின் மொழியில் எழுதி ஒரு மரபை உருவாக்கினர்.

இம்மரபுகளுள் எதுவும் நம் பகுதித் தமிழரின் அடுப்பிலிருந்து தொடங்கியதன்று. ஆயினும் அவ்வாறு தொடங்குதற்குரிய வரலாறு நம்மிடம் இருக்கிறது. அதற்குரிய சான்றுகள் ஜொகூரிலிருந்து வடக்கே, கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும் உருவானவை.

நோயும் அரிசி ஆலையும்

பெரிபெரி என்பது நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் நோய். கால்கள் மரத்து வலுவிழத்தல், உடல் வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியன அதன் அறிகுறிகள். நெல்லை நீராவி எந்திரத்தால் தீட்டும் ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாங்காக், ரங்கூன், சைகோன் ஆகிய துறைமுகங்களில் பெருகின. உமியும் தவிடும் முளைக்கருவும் முற்றாக நீக்கப்பட்ட வெண்ணிற அரிசி மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கலாயிற்று. அவ்வரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்த சுரங்கங்கள், சிறைகள், மருத்துவமனைகள், போர்க்கப்பல்கள் ஆகியவற்றில் பெரிபெரியும் பெருகியது.

நோய்க்குரிய காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு நிலவியது. கிருமியே காரணம் என்றனர் சிலர். ஈரநிலத்து நச்சுக்காற்று என்றனர் வேறு சிலர். சப்பானியக் கடற்படையில் தக்காகி கனேஹிரோ 1880களில் உணவை மாற்றி நோயைக் குறைத்துக் காட்டினார். சாவகத்தில் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய அரிசி உண்ட கோழிகள் பெரிபெரியை ஒத்த நோயுறுவதையும், தவிடு நீக்காத அரிசியால் அவை நலம்பெறுவதையும் 1890களில் கண்டறிந்தார். அவரைத் தொடர்ந்து கெரிட் கிரைன்ஸ், உணவில் ஏதோ ஒரு பொருள் இல்லாமையே நோய்க்குக் காரணம் என 1901ஆம் ஆண்டு விளக்கினார். எனினும் இவ்விளக்கம் உடனே ஏற்கப்படவில்லை. கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா என்ற வினா எஞ்சி நின்றது.

பிராடனின் நோக்கு

இவ்வினாவுக்கான விடை மலாயாவில் கிட்டியது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய லியோனர்டு பிராடன், பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றிய தம் நூலை 1907ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் நோக்கியது ஓர் எளிய உண்மை. ஒரே நிலப்பகுதியில், ஒரே தட்பவெப்பத்தில் வாழ்ந்த மூன்று இனத்தாருள் சீனத் தொழிலாளரிடையே நோய் மிகுந்திருந்தது. மலாய்க் கிராமத்தாரிடையேயும் தமிழரிடையேயும் அஃது அரிதாகவே காணப்பட்டது. சீனத் தொழிலாளர் ஆலையில் தீட்டிய வெள்ளையரிசியை உண்டனர். மலாய்க்காரர் தம் நெல்லை வேண்டும்போது வீட்டிலேயே குத்தி உண்டனர். ஆகவே தவிட்டின் ஒரு பகுதி அரிசியில் தங்கியது. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி.

இந்நோக்கு மிகச் சரியானது. ஆனால் பிராடன் கூறிய விளக்கம் தவறானது. நாட்பட்ட வெள்ளையரிசியில் பூஞ்சை போன்ற ஒன்றால் நஞ்சு உருவாகிறது என்றும், அவித்தலால் அந்நஞ்சு தடைப்படுகிறது என்றும் அவர் கருதினார். சான்று சரியாகவும் முடிவு தவறாகவும் அமையக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிட்டுவது அரிது.

பிளெட்சரின் ஆய்வு

1905ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவியிருந்தது. அங்குப் பொறுப்பிலிருந்த வில்லியம் பிளெட்சர், அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் நோயாளிகள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிற்கச்செய்து எண்ணிட்டார். ஒற்றைப்படை எண் பெற்றோர் கிழக்குக் கட்டடத்திலும் இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்குக் கட்டடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். இரு கட்டடங்களும் அமைப்பில் ஒத்தவை. உணவும் ஒன்றே, அரிசி மட்டும் வேறு. கிழக்குக் கட்டடத்தார்க்கு முன்போலவே சயாம் வெள்ளையரிசி. மேற்குக் கட்டடத்தார்க்கு இந்தியப் புழுங்கலரிசி.

ஆய்வின் முடிவுகள் 1907ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. வெள்ளையரிசி உண்ட 120 பேருள் பலர் நோயுற்றனர். 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் இருவர் மட்டுமே நோயுடன் காணப்பட்டனர். அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுற்றிருந்தவர்கள். அப்பிரிவில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை.

பிரேசர், ஸ்டான்டன் ஆய்வு

1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் இவ்வாய்வை மேலும் கொண்டுசென்றனர். நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்து டுரியான் திப்புஸ் பகுதியில் சாலை அமைக்கும் பணியிலிருந்த சுமார் 300 சாவகத் தொழிலாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். வெள்ளையரிசி உண்ட பிரிவில் ஏறத்தாழ மூன்று மாதங்களில் நோய் தோன்றியது. புழுங்கலரிசி உண்ட பிரிவில் தோன்றவில்லை. பின்னர் அரிசி மாற்றி வழங்கப்பட்டபோது நோயும் அரிசியைத் தொடர்ந்தது. நோய் இடத்தைப் பற்றியதன்று, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

1909ஆம் ஆண்டு வெளிவந்த அவர்தம் அறிக்கை பிராடனின் நஞ்சுக் கொள்கையை விலக்கியது. நோய்க்குக் காரணம் அரிசியில் சேர்ந்த ஒன்றன்று. தீட்டும்போது அரிசியிலிருந்து நீங்கிய ஒன்று என அவர்கள் நிறுவினர். அப்பொருள் யாதென அறியாத நிலையிலும், அரிசியிலுள்ள பாஸ்பரசின் அளவைக் கொண்டு அது எவ்வளவு தீட்டப்பட்டுள்ளது என அளந்தறியும் வழியைக் காட்டினர். 1910ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய கிழக்காசிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, பெரிபெரிக்கும் தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து உண்பதற்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் இயற்றியது.

இதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1912ஆம் ஆண்டு காசிமிர் பங்க் 'வைட்டமின்' என்ற சொல்லை ஆக்கினார். 1926ஆம் ஆண்டு பட்டேவியாவில் யான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து அச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1929ஆம் ஆண்டு ஐக்மன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1936ஆம் ஆண்டு தயமின் எனப்படும் அவ்வைட்டமினின் கட்டமைப்பை விளக்கிச் செயற்கையாக ஆக்கிக்காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், 1886ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர் என்பது நம் வகுப்பினர் வியந்து கேட்ட செய்தி.

புழுக்குதலின் அறிவியல்

நெல்லைப் புழுக்கும் முறை மூன்று படிகளைக் கொண்டது: ஊறவைத்தல், அவித்தல், உலர்த்தல். தயமின் பெரும்பாலும் நெல்மணியின் முளைக்கருப் பகுதியிலும் தவிட்டை ஒட்டிய மேற்படலத்திலும் உள்ளது. நீரில் எளிதில் கரைவது. நெல் உமியோடு ஊறி அவியும்போது அச்சத்தின் ஒரு பகுதி நீரோடு மணியின் உட்புறத்திற்குச் செல்கிறது. அதே வேளையில் வெப்பத்தால் மாவுப்பொருள் இளகிப் பசைத்தன்மை எய்துகிறது; உலரும்போது இறுகி மணியின் வெடிப்புகளை அடைக்கிறது. ஆகவே பின்னர் நெல்லைத் தீட்டினாலும் உட்சென்ற சத்து முற்றாக நீங்குவதில்லை. மணியும் உலக்கையிலோ ஆலையிலோ எளிதில் நொறுங்குவதில்லை.

இதனை வகுப்பில் காட்டுவதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பிடி பச்சரிசியும் ஒரு பிடி புழுங்கலரிசியும் போதும். ஒளிக்கெதிரே பிடித்தால் பச்சரிசி பெரும்பாலும் வெண்மையாகத் தெரியும். புழுங்கலரிசி சற்றே மஞ்சளாக, கண்ணாடி போல் ஒளியை உள்விடும். பல்லிடை வைத்துக் கடித்தால் உறுதியின் வேறுபாடு புலனாகும். இருவகை அரிசியையும் கழுவிக் கழுநீரைக் கீழே கொட்டாது வைத்துக்கொண்டு, அந்நீரோடு வெளியேறுவது எது என வினவுவது நம் வழக்கம். கழுநீரை மாட்டுக்கு வைத்த வீட்டையும், வடிகஞ்சியை உப்பிட்டுப் பருகிய பழக்கத்தையும் அப்போது எவரேனும் நினைவுகூர்வர். கரையும் சத்து கழுநீரிலும் வடிகஞ்சியிலும் சேர்கிறது எனும் பாடத்தை அவர்தம் நினைவிலிருந்தே தொடங்கலாம்.

பெருமிதமும் உண்மையும்

இவ்வரலாற்றைக் கேட்ட வகுப்பினரிடம் இருவகை எதிர்வினைகளைக் கண்டோம். தோட்டப்புறத்தில் பிறந்து நகரில் குடியேறிய முதிய பெண்மணி ஒருவர், புழுங்கல்சோற்றைத் தம் பிள்ளைகள் 'கஷ்ட காலத்துச் சோறு' எனத் தள்ளுவதாகக் கூறினார். அப்பிள்ளைகள் விரும்பியுண்ணும் இட்டலியின் மாவில் இருப்பதும் அவ்வரிசியே என்பதை அவர் நகைத்தவாறு சுட்டினார். இளைஞர் ஒருவரோ, நம் முன்னோர் வைட்டமினை வெள்ளையர்க்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று என உரைத்தார். வகுப்பினருள் பலர் அதனை வரவேற்றனர்.

இரண்டையும் திருத்துவது ஆசிரியரின் கடன். முதலாவதைத் திருத்துவது எளிது. இரண்டாவதைத் திருத்துவது கடினம். ஏனெனில் அது கேட்போர்க்கு இனிக்கும். நெல்லைப் புழுக்கியவர்கள் அரிசி நொறுங்காமை, உமி எளிதில் நீங்குதல், நெடுநாள் கெடாதிருத்தல் ஆகிய பயன்களைக் கண்டிருக்கக்கூடும். பெரிபெரியைத் தடுக்கவேண்டி அதனைச் செய்தனர் என்பதற்குச் சான்றில்லை. ஒரு வழக்கம் நன்மை பயப்பது வேறு. அந்நன்மையின் காரணத்தை அறிந்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறைத்து ஈட்டும் பெருமை முன்னோர்க்கும் பெருமை சேர்ப்பதன்று.

மேலும், பெரிபெரி அணுகவில்லை என்பதால் தமிழ்த் தொழிலாளர் நலமுடன் வாழ்ந்தனர் எனக் கொள்ளலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களில் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் கொக்கிப்புழுவாலும் இறந்தோர் மிகப் பலர். புழுங்கலரிசி ஒரு நோயை விலக்கியது, வறுமையை விலக்கவில்லை.

அறிந்த உண்மை பயன்படாது போவதையும் வரலாறு காட்டுகிறது. 1942–43ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதை அமைப்பதற்காகச் சப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுசென்றனர். ஜொகூர்த் தோட்டத்தாரும் அவர்களுள் அடங்குவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை நெடுகிலும் அமைந்த முகாம்களில் தீட்டிய அரிசியும் சிறிதளவு காய்கறியுமே உணவாயிற்று. காலராவோடும் மலேரியாவோடும் பெரிபெரியும் அங்கே உயிர்களைக் கொண்டது. நோயின் காரணத்தைக் கண்டறிவதற்கு எவருடைய உணவு வழிகாட்டியதோ, அவர்தம் வழியினரே அந்நோயின் காரணம் உலகறிந்த பின்னர் அதற்கு இரையாயினர். 1909ஆம் ஆண்டு அறிக்கைக்கும் அம்முகாம்களுக்கும் இடையே கழிந்தவை முப்பத்து நான்கு ஆண்டுகளே.

எண்ணிடப்பட்ட மனிதர்

இப்பாடத்தில் நாம் நெடுநாள் கவனியாது கடந்த ஒரு குறையை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். தொடக்கத்தில் நாம் பிளெட்சரின் ஆய்வை அதன் முறையியல் அழகிற்காகவே கற்பித்தோம். ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பிரித்தல், ஒன்றைத் தவிர ஏனையவற்றை ஒப்பச்செய்தல் ஆகியன ஆய்வுநெறிக்குச் சிறந்த பாடங்கள். ஒரு வகுப்பில் அவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், "அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா ஐயா?" என வினவினார். நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை.

அவர்கள் மனநோயாளிகள், தாம் உண்பதைத் தேர்ந்தெடுக்க இயலாதவர்கள். இன்றைய ஆய்வறம் கோரும் ஒப்புதல் என்ற கருத்து அன்று நிலவவில்லை. மனிதரை ஆய்வுக்குட்படுத்துவதற்குத் தன்னொப்புதல் இன்றியமையாதது எனும் நூரம்பர்க் நெறிமுறைகள் 1947ஆம் ஆண்டே உருவாயின. கிழக்குக் கட்டடத்தார் உண்டது அம்மருத்துவமனையின் வழக்கமான அரிசியே என்பதும், காரணம் அப்போது உறுதிப்படவில்லை என்பதும் பிளெட்சரின் பக்கம் சொல்லத்தக்கவை. ஆயினும் ஆண்டின் இறுதிவரை இரு கட்டடங்களுக்கும் இடையே வேறுபாடு வளர்ந்துகொண்டிருந்தது. அதனை எந்நிலையில் நிறுத்தியிருத்தல் வேண்டும் என்பது இன்றும் விவாதித்தற்குரிய வினா. பிராடன், பிளெட்சர், பிரேசர், ஸ்டான்டன் ஆகியோரின் பெயர்களை நாம் சொல்கிறோம். இறந்தவர்கள் அறிவியல் வரலாற்றில் ஓர் எண்ணாக மட்டும் நிற்கின்றனர்.

அவ்வினாவுக்குப் பின் பாடத்தின் வரிசையை மாற்றினோம். இப்போது முதலில் அம்மருத்துவமனையைப் பற்றியும் அங்கிருந்தோர் நிலை பற்றியும் பேசுகிறோம். அதன் பின்னரே ஆய்வுநெறியை விளக்குகிறோம். வகுப்பு சற்று நீள்கிறது. ஆயினும் வகுப்பினர் எண்களைப் படிக்கும் முறையில் மாற்றம் தெரிகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் தெளிவாவன மூன்று. ஒன்று, மலாயாத் தமிழரின் அன்றாடச் சோறு வைட்டமின் ஆய்வின் தொடக்கக் கட்டத்தில் இன்றியமையாத சான்றாக அமைந்தது. நம் மாணாக்கர் அறியவேண்டிய நாட்டு வரலாற்றின் ஒரு பகுதி அது. இரண்டு, அச்சான்றைப் பெருமிதக் கதையாக ஆக்காமல், அறிந்தவற்றையும் அறியாதவற்றையும் பிரித்துரைப்பதே தமிழாசிரியர்க்குரிய நேர்மை. மூன்று, உணவைப் பற்றிய பாடம் உண்டவரைப் பற்றிய பாடமாகவும் அமைதல் வேண்டும்.

இப்பாடம் பழங்கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அந்நோயின் அளவு மிகுதி. புழுங்கலரிசி அந்நோய்க்கு மருந்து எனக் கூறுவது பிராடனின் பிழையைப் போன்றதாகும். ஆனால் தட்டிலுள்ள சோற்றைச் சான்றோடு ஆராயக் கற்ற நகரத்தார், நாளிதழிலும் கைப்பேசியிலும் வரும் உணவு அறிவுரைகளையும் அவ்வாறே ஆராய்வர் என நம்புகிறோம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தம் ஊர் மண்டபங்களில் இத்தகைய வகுப்புகளை நடத்தலாம். அதற்கு வேண்டியவை இருபிடி அரிசி, ஒரு கிண்ணம் நீர், ஒரு கரும்பலகை. கரும்பலகையில் 120, 123 என்ற எண்களை எழுதும்போது 18 என்ற எண்ணின் முன் சற்று நின்று பேசுதல் வேண்டும்.